அடக்கும் நியூரான்களைக் குறைத்தால் மூளை வேகமாக ஓடுமா?

அக்கா, தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் மகளுக்கு வந்த சந்தேகத்தை அப்படியே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நியூரான்கள் என்னும் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டுவதால்தான் மூளை வேலை செய்கிறது, அப்படியிருக்க மற்ற நியூரான்களின் வாயை அடைப்பதற்கென்றே ஒரு கூட்டம் எதற்கு, அதைக் கொஞ்சம் குறைத்தால் மூளை இன்னும் வேகமாக ஓடாதா என்று கேட்கிறாள். கடைசி வரியில் உங்கள் கேள்வி: மாமியாருக்கு இரவில் தூக்கம் வருவதில்லை, ‘காபா’ என்று எழுதிய மாத்திரையும் தேயிலையும் கடையில் பார்த்தீர்கள், வாங்கலாமா? அடக்கும் நியூரான்கள் உமிழும் வேதிப்பொருளின் பெயர்தான் காபா, ஆக இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய கேள்விகள்தான். மகளுடையதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாமியார் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

துணைப்பாட ஆசிரியராவதற்கு முன் சில ஆண்டுகள் நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலி மூளைச் சீவல்களோடு வேலை பார்த்தேன். அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இருக்காது. ஆக்சிஜன் கலந்த உப்புக் கரைசலில் போட்டு வைத்தால் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அதில் மின்முனையை வைத்து ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டால் நியூரான்கள் துடிப்பதை, அதாவது அவை அனுப்பும் மின்துடிப்புகளை, காதால் கேட்கலாம். கடாயில் கடுகு பொரிவது போல இருக்கும்: இங்கொன்று, அங்கொன்று, சில நேரம் நாலைந்து சேர்ந்து, அப்புறம் சின்ன இடைவெளி.

உங்கள் மகள் கேட்டதை அந்தச் சீவலில் செய்து பார்க்கலாம். கரைசலில் பிக்ரோடாக்சின் என்ற பொருளைக் கலந்தால் போதும், அடக்கும் நியூரான்கள் சொல்வது மற்றவற்றின் காதில் விழாது. முதல் முறை அதைச் செய்தபோது சத்தம் கூடும், கடுகு இன்னும் வேகமாகப் பொரியும் என்றுதான் எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. சில நிமிடங்களில் எல்லா நியூரான்களும் ஒன்றாகச் சேர்ந்து ‘தடதட’வென்று ஒரே வெடிப்பு. பிறகு மயான அமைதி. பல வினாடிகள் கழித்து அச்சு மாறாமல் அதே வெடிப்பு, மறுபடியும் அமைதி. அடக்குபவர்களை விலக்கியதும் அந்தத் திசு அதிகமாகப் பேசவில்லை, ஒரே சொல்லைக் கத்திவிட்டு மயங்கி விழுந்தது. வலிப்பு வந்த மூளையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். மகளின் கேள்விக்குச் சுருக்கமான பதில் அந்தச் சத்தத்திலேயே இருக்கிறது.

ஓர் இடைச்செருகல். பிக்ரோடாக்சின் கிடைக்கும் விதைக்குத் தமிழில் காக்கைக்கொல்லி என்று பெயர். நீரில் கலந்து மீன்களை மயங்க வைத்துப் பிடிக்கப் பயன்பட்டது. நாம் சொல்லும் காக்காய் வலிப்புக்கும் காக்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, ‘கால் கை வலிப்பு’ என்பது மருவி அப்படி ஆனது என்பார்கள். ஆனால் காக்கைக்கொல்லி விதை உண்மையிலேயே வலிப்பை வரவழைக்கும். எட்டிக்கொட்டை இதற்கு அண்ணன். அதிலிருக்கும் ஸ்டிரிக்னின், முதுகுத்தண்டில் அடக்கும் வேலையைச் செய்யும் கிளைசின் என்ற பொருளை வேலை செய்யவிடாது. எட்டி தின்றவரின் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகி உடல் வில்லாக வளையும். ரணஜன்னி என்னும் டெட்டனஸும் அதே இடத்தில்தான் அடிக்கிறது: அந்தக் கிருமியின் நஞ்சு, அடக்கும் நியூரான்கள் தங்கள் வேதிப்பொருளை வெளியிடாதபடி தடுத்துவிடுகிறது. அடக்குதல் எதற்கு என்று நம் ஊர் மரமும் கொடியும் துருப்பிடித்த ஆணியும் எப்போதோ சொல்லிவிட்டன, நமக்குத்தான் புரியவில்லை.

சரி, எப்படி அடக்குகிறது?

ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். அது மைனஸ் 55 அளவுக்கு ஏறினால் நியூரான் துடிக்கும். தூண்டும் நியூரான் குளூட்டமேட் என்ற பொருளை உமிழ்ந்து இந்த அளவை மேலே தள்ளும். அடக்கும் நியூரான் காபாவை உமிழும். காபா போய் உட்காரும் ஏற்பி, குளோரைடு அயனிகளுக்கு ஒரு வாசலைத் திறக்கும். எதிர்மின் கொண்ட குளோரைடு உள்ளே வருவதால் அளவு கீழே போகும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது பாதி உண்மை. குளோரைடின் சமநிலையும் மைனஸ் 70-ஐ ஒட்டியே இருப்பதால், பல நேரங்களில் வாசல் திறந்தாலும் அளவு கீழே இறங்குவதே இல்லை. ஆனாலும் அடக்குதல் நடக்கிறது. வாளியில் ஓட்டை போட்ட மாதிரி அது. நீர்மட்டம் உடனே இறங்காவிட்டாலும், குழாயைத் திறந்தால் வாளி நிரம்பாது. மேலே இருந்து வரும் தூண்டல் எல்லாம் அந்த ஓட்டை வழியாக ஒழுகிவிடும். மின்முனையில் பார்த்தால் எதுவுமே நடக்காதது போல இருக்கும். நடக்காதது போலத் தெரிவதுதான் நடப்பு.

இந்தக் காபா எதிலிருந்து வருகிறது என்பது எனக்குப் பிடித்த வேதியியல். குளூட்டமேட்டில் இருந்து ஒரு சிறு துண்டைக் கழற்றினால் காபா. தூண்டும் பொருளில் ஒரு வெட்டு, அடக்கும் பொருள் தயார். வெட்டும் நொதிக்கு வைட்டமின் பி6 துணை வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற ஒரு குழந்தைப் பால்பொருளில் பி6 போதாமல் போய், அதைக் குடித்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. பி6 கொடுத்ததும் நின்றது. உணவங்காடியில் மீ கோரெங் நூடுல்ஸில் தூவும் அஜினோமோட்டோ இதே குளூட்டமேட்டின் உப்புதான். அது ஏன் நம் மூளையை எரித்துவிடுவதில்லை என்ற கேள்வியை மனத்தில் வைத்திருங்கள், மாமியாரின் மாத்திரைக்கு வரும்போது தேவைப்படும்.

அடக்குதல் என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதே நெடுநாள் சண்டைக்குரிய விஷயமாக இருந்தது. 1845-இல் வெபர் சகோதரர்கள் இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது இதயம் வேகமெடுக்காமல் மெதுவாகி நின்றது. நரம்பைத் தூண்டினால் உறுப்பு அடங்குமா என்று அப்போது பலருக்கு நம்ப முடியவில்லை. இங்கிலாந்தின் ஷெரிங்டன் அதைத் தசைகளில் விரிவாகக் காட்டினார். முழங்கையை மடக்கும்போது மடக்கும் தசைக்குக் கட்டளை போனால் மட்டும் போதாது, நீட்டும் தசையைத் தளர்த்தும் கட்டளையும் கூடவே போக வேண்டும். 1932-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஆற்றிய உரையே அடக்குதலைப் பற்றியதுதான். அவருடைய மாணவர் எக்கிள்ஸ், இரு நியூரான்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸில் நடப்பது மின்சாரத் தாவல்தான், வேதிப்பொருள் எல்லாம் இல்லை என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவர். 1951-இல் நியூசிலாந்தின் டனீடனில் பூனையின் முதுகுத்தண்டு நியூரானுக்குள் நுண்ணிய மின்முனையைச் செருகி அடக்கும் சமிக்ஞையைப் பதிவு செய்தார். அவருடைய கொள்கை சரியென்றால் அளவு ஒரு திசையில் போயிருக்க வேண்டும். எதிர்த்திசையில் போனது. தோற்றுவிட்டேன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு கட்சி மாறினார். 1963-இல் அவருக்கும் நோபல். ஆய்வுக்கூடங்களில் மாணவர்களுக்குக் கதையாகச் சொல்லப்படும் தோல்வி இது, சொல்லத்தக்கதுதான்.

அடக்குதல் நிறுத்துவதற்கு மட்டும் என்றால் கதை இத்தோடு முடிந்துவிடும். அது உருவம் கொடுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க உதவிய உயிரினத்தை நீங்கள் இங்கே சிங்கப்பூரில் சுங்கை பூலோ பக்கமோ மண்டாய் சேற்றுவெளியிலோ பார்த்திருக்கக்கூடும்: குதிரைலாட நண்டு. இங்கே இருப்பவை ஆசிய இனங்கள். அமெரிக்காவின் ஹார்ட்லைன் ஆராய்ந்தது அட்லாண்டிக் கரை இனத்தை. அதன் கூட்டுக்கண்ணில் ஓர் அலகின் மீது ஒளி பட்டால் அது துடிக்கும். பக்கத்து அலகின் மீதும் ஒளியைப் பாய்ச்சினால் முதல் அலகின் துடிப்பு குறையும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் அடக்கிக்கொள்கிறார்கள். பயன் என்னவென்றால், ஒரே மாதிரி வெளிச்சம் உள்ள இடத்தில் எல்லோரும் எல்லோரையும் அடக்கிச் சத்தம் குறையும். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் விளிம்பில் ஒரு பக்கத்து அண்டைவீட்டார் மௌனமாக இருப்பதால் விளிம்பு மட்டும் உரக்கக் கேட்கும். படத்தில் கோடு போட்டதுபோல விளிம்பு எடுப்பாகிவிடுகிறது. ஹார்ட்லைனுக்கு 1967-இல் நோபல் கிடைத்தது. நம் விழித்திரையும் இதே உத்தியைக் கையாள்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு புள்ளி போதும். ‘க’ என்ற எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் உள்ளே இருக்கும் அகரம் அடங்கி ‘க்’ ஆகிறது. புள்ளிக்கு ஒலி கிடையாது. இருக்கும் ஒலியை அடக்குவது ஒன்றே அதன் வேலை. அத்தனை புள்ளிகளையும் எடுத்துவிட்டால் மொழியில் ஒலி கூடும், ஆனால் பக்கம் ‘பககம’ ஆகிவிடும். அது மட்டுமில்லை, எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ‘வரம’ என்ற மூன்றெழுத்தில் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தால் முருகனிடம் கேட்பது. நடு எழுத்துக்கு வைத்தால் வர்ம அடி.

மூளையும் புள்ளியை எங்கே வைப்பது என்பதில் மிகுந்த கவனம் எடுத்துக்கொள்கிறது. பெருமூளையின் வெளிப்படலமான புறணியின் நியூரான்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அடக்கும் வகை. தூண்டும் நியூரான்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்க, இந்தச் சிறுபான்மையில்தான் உருவங்களும் வகைகளும் கொட்டிக் கிடக்கின்றன. நூறாண்டுக்கு முன்பே ஸ்பெயினின் கஹால் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து வியந்தவை இவை. முக்கியமான மூன்று கூட்டங்களை மட்டும் சொல்கிறேன்.

பார்வால்புமின் என்ற புரதத்தைக் கொண்டவை முதல் கூட்டம். வினாடிக்கு நூறு முறைக்கு மேலும் சளைக்காமல் துடிக்கக்கூடியவை. இவற்றில் கூடை நியூரான்கள், தூண்டும் நியூரானின் உடலைச் சுற்றிக் கூடை பின்னியதுபோல இழைகளைப் பின்னுகின்றன. ஒன்றே நூற்றுக்கணக்கான நியூரான்களைத் தொடும். இதே கூட்டத்தில் சரவிளக்கு நியூரான் என்று ஒன்று உண்டு. ஆக்ஸான் என்பது நியூரானின் செய்தியை வெளியே கொண்டுபோகும் இழை. துடிப்பு பிறக்கும் இடமான அதன் தொடக்கப் பகுதியில் மட்டுமே இது போய் உட்காரும். அங்கே வாசலைத் திறந்தால், உள்ளே எத்தனை ஆரவாரம் இருந்தாலும் வெளியே ஒரு சொல் போகாது.

இரண்டாவது கூட்டம் சொமாட்டோஸ்டேட்டின் என்ற பொருளைக் கொண்ட வகை. இவை உடலுக்கு வருவதில்லை, தூரத்தில் கிளை பரப்பி நின்று செய்தி வாங்கும் டென்ட்ரைட்டுகளில் உட்காருகின்றன. நியூரான் என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, யார் பேச்சைக் கேட்கிறது என்பதில் கைவைக்கின்றன. ஒரு கிளையை அடைத்துவிட்டு மற்றொன்றைத் திறந்துவிட்டால் அதே நியூரான் வேறு ஆளாகிவிடும்.

மூன்றாவது வகையின் பெயர் நம் காதுக்கு வேடிக்கையாக இருக்கும்: விஐபி. முதலில் குடலில் கண்டறியப்பட்ட ஒரு பெப்டைடின் பெயர்ச்சுருக்கம் அது, மற்றபடி பிரமுகர்களோடு சம்பந்தமில்லை. ஆனால் பெயருக்கேற்ற வேலையைத்தான் செய்கிறது. இவை பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தை அடக்குகின்றன. காவலரை ஓரமாக நிற்கச் சொன்னால் வழி திறக்கும் இல்லையா? அடக்குபவரை அடக்கினால் தூண்டல் பிறக்கும். எலி ஓடத் தொடங்கியதும் விஐபி நியூரான்கள் விழித்துக்கொண்டு பார்வைப் புறணியின் பதிலைக் கூட்டுகின்றன என்று 2014-இல் காட்டினார்கள்.

அடக்குபவரை அடக்கும் இந்த உத்திக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு மூளையின் அடியில் இருக்கும் பேசல் கேங்லியா. அதன் வெளிவாசல் நியூரான்கள் காபா நியூரான்கள், சும்மா இருக்கும்போதே ஓயாமல் துடித்துக்கொண்டு, கண்ணையும் கையையும் அசைக்கும் பகுதிகளை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பிடி ஒரு கணம் தளரும் இடத்தில் அசைவு பிறக்கிறது. இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் கண் வினாடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறதே, அந்தத் தாவல்களிலும் இந்தப் பிடிதளர்வுக்குப் பங்கு உண்டு. சிறுமூளைப் புறணியில் இருந்து வெளியே போகும் ஒரே வழியான பர்கின்ஜி நியூரான்களும் அடக்கும் வகைதான். அத்தனை பெரிய கணக்குப் போட்டுவிட்டு அது வெளியே சொல்வது முழுக்க ‘வேண்டாம், வேண்டாம்’ என்பது மட்டுமே. எந்த நேரத்தில் சொல்லாமல் விடுகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

மகள் ‘சமநிலை’ என்ற சொல்லையும் பயன்படுத்தியிருந்தாள். பாடப்புத்தகத்தில் தராசுப் படம் போட்டிருப்பார்கள், ஒரு தட்டில் தூண்டல், இன்னொன்றில் அடக்கல். எனக்கு அந்தப் படத்தின் மீது கோபம் உண்டு. தராசு என்றால் இரண்டு எடைகளும் தனித்தனியாக இருக்கும், ஒன்றைக் கூட்டினால் மற்றதற்குத் தெரியாது. மூளையில் அப்படியில்லை. தூண்டும் நியூரான்கள் ஒன்றையொன்று தூண்டுவதோடு அடக்கும் நியூரான்களையும் தூண்டுகின்றன. அவை திரும்ப வந்து தூண்டியவர்களையே அடக்குகின்றன. தூண்டல் ஏறினால் அடக்கலும் தானாக ஏறும், நிழல் மாதிரி. ஆனால் ஒரு சிறு தாமதத்தோடு. எலியின் செவிப்புலப் புறணியில் ஒரு சத்தத்துக்கு முதலில் தூண்டல் வருகிறது, சில மில்லிவினாடிகள் கழித்து ஏறக்குறைய அதே அளவில் அடக்கல் வந்து கதவைச் சாத்துகிறது என்று 2003-இல் அளந்து காட்டினார்கள். நியூரானுக்குப் பேசக் கிடைப்பது அந்தச் சின்ன இடைவெளி மட்டும். அதனால்தான் சத்தம் எப்போது வந்தது என்பதை மூளை அத்தனை துல்லியமாகக் குறித்துக்கொள்கிறது. இடையில் அடக்கல் இல்லாவிட்டால் ஒரு கைத்தட்டலுக்கு நியூரான் நெடுநேரம் முனகிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு விளைவு உண்டு. இரண்டு பெரிய சக்திகள் ஒன்றையொன்று கிட்டத்தட்டச் சரிக்கட்டிவிட்டால், மீதியாக நிற்பது சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள். நியூரான் துடிப்பது அந்த மீதியால். அதனால்தான் கடுகு பொரிவது ஒழுங்கில்லாமல் இருந்தது. அது பழுதில்லை, சமநிலையில் இருக்கும் நியூரான் வலை இயல்பாகவே அப்படித்தான் பேசும் என்று 1996-இல் வான் விரீஸ்விக்கும் சோம்போலின்ஸ்கியும் கணிதமாகக் காட்டினார்கள். பெரிய சக்திகள் இழுத்துப் பிடித்து நிற்பதில் ஒரு லாபமும் இருக்கிறது: வெளியிலிருந்து செய்தி வந்தால் வலை முழுதும் மிக வேகமாக அதற்கு ஏற்ப மாறிக்கொள்ளும். உங்கள் மகள் கேட்ட வேகம் அடக்குதலால்தான் கிடைக்கிறது.

தராசுப் படத்தை ஒரேயடியாகத் தூக்கிப் போடவைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. நான் முதலில் படித்தபோது கணக்கில் எங்கோ தவறு என்றே நினைத்தேன். அடக்கும் நியூரான்களுக்குக் கூடுதல் தூண்டல் கொடுத்தால் அவை கூடுதலாகத் துடிக்க வேண்டும் அல்லவா? தூண்டும் நியூரான்களின் பரஸ்பரத் தூண்டல் மிக வலுவாக இருக்கும் வலையில் இறுதியில் அவை குறைவாகத் துடிக்கின்றன. ஏன் என்றால், கூடுதலாகத் தூண்டப்பட்ட அடக்கும் நியூரான்கள் முதலில் எழுந்து தூண்டும் நியூரான்களை அமுக்குகின்றன. ஆனால் அடக்கும் நியூரான்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்ததே அந்தத் தூண்டும் நியூரான்கள்தான். அவை ஒடுங்கியதும் இவற்றுக்கு வரும் வரத்து, நாம் வெளியிலிருந்து கொடுத்ததைவிட அதிகமாகக் குறைந்துவிடுகிறது. கடைசியில் இரு தரப்பும் முன்னைவிடத் தாழ்ந்த நிலையில் போய் நிற்கின்றன. 1997-இல் சோடிக்ஸும் உடனிருந்தவர்களும் இதைக் கணக்கில் சொன்னார்கள். 2009-இல் பூனையின் பார்வைப் புறணியில் அதற்கான தடயம் கிடைத்தது. ஆகவே ‘அடக்குதல் குறைந்திருக்கிறது’ என்று ஓர் அளவீடு சொன்னால், குறைந்தது அடக்குதல்தானா, அதற்குச் சோறு போட்டதா என்று முதலில் கேட்க வேண்டும்.

தாளமும் இவற்றின் கைவண்ணம். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் இருந்து டேங்க் ரோட்டுக்குப் போகும் வழியில் தொண்டூழியர்கள் சந்திப்புகளில் கூட்டத்தை நிறுத்தி நிறுத்தி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தனித்தனியாக வந்தவர்கள் அங்கே நிற்பதால் ஒரு கூட்டமாகச் சேர்ந்து கிளம்புகிறார்கள். பார்வால்புமின் நியூரான்களும் அப்படித்தான். எல்லோரையும் ஒரு கணம் நிறுத்திவிட்டுக் கையை எடுக்கும்போது அத்தனை பேரும் ஒன்றாகத் துடிக்கிறார்கள். வினாடிக்கு 30 முதல் 80 முறை வரும் காமா அலைகள் இதில்தான் பெரும்பாலும் பிறக்கின்றன. அந்த அலைகளுக்கு என்ன பயன் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

‘எவ்வளவு’ என்று கேட்பதைவிட ‘எங்கே’ என்று கேட்பதுதான் சரி என்பதை எனக்கு உறைக்க வைத்தது டிராவே நோய். முதல் வயதிலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு, நீண்ட வலிப்பாகத் தொடங்கும் கடுமையான நோய் அது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம், நியூரான் துடிக்கத் தேவையான ஒரு சோடியம் வாயிலின் மரபணுவில் பிழை. வாயில் குறைந்தால் துடிப்பு குறைய வேண்டும், மூளை அமைதியாக வேண்டும். வலிப்பு எங்கிருந்து வருகிறது? எலிகளில் பார்த்தபோது விடை கிடைத்தது. அந்தக் குறிப்பிட்ட வாயிலை அதிகம் நம்பியிருப்பவை அடக்கும் நியூரான்கள். பிழையால் முதலில் ஊமையாவது அவைதான். இதன் நடைமுறை விளைவு பயங்கரமானது: சோடியம் வாயிலை அடைத்து வலிப்பை நிறுத்தும் கார்பமசெபின் போன்ற, மற்றவர்களுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பைக் கூட்டிவிடும். ஏற்கெனவே தள்ளாடும் அடக்குபவர்களை மருந்து முழுதாகப் படுக்க வைத்துவிடுகிறது. ‘மூளையை அமைதிப்படுத்தும் மருந்து’ என்று பொதுவாகச் சொல்வதில் உள்ள அபாயம் இது.

காபா எப்போதும் அடக்கும் என்பதும் சரியில்லை. ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் வருடம் ஒரு வாரம் முழுக்க என் பதிவுகள் தலைகீழாக வந்தன. காபா கொடுத்தால் நியூரான் அடங்குவதற்குப் பதிலாகத் துள்ளியது. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மின்முனைக் குழாய்க்குள் ஊற்றிய கரைசலில் குளோரைடு அதிகமாக இருந்தது, கலக்கியவன் நான்தான். நியூரானுக்குள் குளோரைடு கூடுதலாக இருந்தால், வாசல் திறந்ததும் அது வெளியே ஓடும், அளவு மேலே ஏறும். என் அசட்டுத்தனத்தால் நடந்தது, பிறக்கப்போகும் மூளையில் இயல்பாகவே நடக்கிறது. வளரும் நியூரான்களில் குளோரைடை உள்ளே இழுக்கும் பம்பு முந்திக்கொள்கிறது, வெளியே தள்ளும் பம்பு பிறகுதான் வேகமெடுக்கிறது. அதனால் அந்தக் கட்டத்தில் காபா தூண்டலாகவும் செயல்படக்கூடும் என்பதை பென்-ஆரியின் குழு 1989-இல் எலிக்குட்டிகளின் மூளையில் காட்டியது. பிறந்த குழந்தைகளின் வலிப்புக்குக் காபாவைக் கூட்டும் மருந்துகள் சில நேரம் எதிர்பார்த்த பலன் தராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

பிறந்து கொஞ்சம் வளர்ந்த பின் அடக்குதல் இன்னொரு பெரிய வேலையைத் தொடங்கிவைக்கிறது. குழந்தைப் பருவத்தில் ஒரு கண்ணை மூடிவைத்தால் மூளை மற்றொரு கண்ணின் பக்கம் சாய்ந்துவிடும். சோம்பல் கண்ணுக்கு நல்ல கண்ணை மறைத்துச் சிகிச்சை செய்வது இதனால்தான். ஒரு காபா நொதி இல்லாத எலிகளில் இந்தச் சாய்தலே நடக்கவில்லை. டயசெபம் என்ற மருந்தைக் கொடுத்துக் காபாவின் வேலையைக் கூட்டியதும் நடந்தது. ஹென்ஷும் கூட்டாளிகளும் 1998-இல் கண்டது இது. அடக்குதல் போதுமான அளவு முதிர்ந்தால்தான் அனுபவம் மூளையைச் செதுக்கத் தொடங்குகிறது. குறைத்தால் கெட்டிக்காரி ஆகலாமா என்ற மகளின் கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டிசம், மனச்சிதைவு எல்லாமே தூண்டல்-அடக்கல் சமநிலை கெட்டதால்தான் என்று இணையத்தில் அடித்துச் சொல்வார்கள். ஆட்டிசம் பற்றி 2003-இல் ரூபன்ஸ்டைனும் மெர்சனிக்கும் முன்வைத்தபோது அது நல்ல கருதுகோள், நிறைய ஆய்வுகளைக் கிளப்பியது. ஆனால் ஒரே விகிதத்தில் ஒரு மனிதரை அடக்கிவிட முடியாது. எந்த நியூரான், எந்தக் கிளை, எந்த வயது என்று சொல்லாத ‘சமநிலை கெட்டது’ எனக்கு வாயு, பித்தம், கபம் போலத்தான் கேட்கிறது.

இனி மாமியார். மீ கோரெங் அஜினோமோட்டோ ஏன் மூளையை எரிப்பதில்லை? இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்புச்சுவர் இருக்கிறது, உணவில் வரும் குளூட்டமேட்டை அது எளிதில் உள்ளே விடாது. காபாவுக்கும் அதே சுவர்தான், அதே முகத்தில் அடிக்கும் கதவுதான். விழுங்கும் காபா மூளைக்குள் மிகச் சொற்பமாகவே போகும். அதனால் அந்த மாத்திரை மூளையில் நேராகப் போய்த் தூக்கத்தைக் கொண்டுவரும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் எதைச் சேர்ப்பதற்கு முன்னாலும் மருந்தாளரிடம் கேட்டுவிடுங்கள்.

சுவரைத் தாண்டிப் போய் காபா ஏற்பியில் வேலை செய்பவை வேறு மருந்துகள். 1963-இல் வேலியம் என்று விற்பனைக்கு வந்த டயசெபமும் அதன் உறவினர்களும் அந்தக் கூட்டம். அவை தாமாக வாசலைத் திறப்பதில்லை. காபா வந்து திறக்கும்போது இன்னும் அடிக்கடி திறக்கும்படி உதவுகின்றன. இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. வயதானவர்களுக்குத் தள்ளாட்டமும் கீழே விழுவதும் வரும், மதுவும் அதே ஏற்பியில் கைவைப்பதால் இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். நீண்ட நாள் சாப்பிட்டு மூளை பழகிவிட்ட பின் சட்டென்று நிறுத்தினால், நான் சொன்ன அந்தச் சீவலின் வெடிப்பு மனிதருக்கே வரக்கூடும். பக்கத்து வீட்டில் யாராவது தங்கள் மாத்திரையில் இரண்டைக் கொடுத்தால் வாங்கிக் கொடுக்காதீர்கள். மூன்று நான்கு வாரமாகத் தூங்கவில்லை என்றால் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள், தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாத சிகிச்சையும் உண்டு.

காபா தேயிலையை வேண்டுமானால் வாங்குங்கள், சுவை அவருக்குப் பிடித்திருந்தால். ஆனால் காலையில் கொடுங்கள். அது சாதாரணத் தேயிலைச் செடியில் இருந்து வருவதுதான், காஃபின் உள்ளே அப்படியே இருக்கிறது.